சிஸ்டீன் எதோடு சேரும்? கணிப்புக் கருவிகளோடு என் அனுபவம்

புரதத்தின் அமினோ அமில வரிசையை மட்டும் கொடுத்தால், அதிலுள்ள ஒவ்வொரு சிஸ்டீனும் (கந்தகம் உள்ள ஓர் அமினோ அமிலம்) தனியாக இருக்கிறதா, இன்னொரு சிஸ்டீனோடு கந்தகத்துக்குக் கந்தகம் சேர்ந்து டைசல்ஃபைடு பாலம் போடுகிறதா, இல்லை துத்தநாகம் மாதிரி ஓர் உலோகத்தைப் பிடித்திருக்கிறதா என்று சொல்லும் மெஷின் லேர்னிங் கருவிகளைப் பல வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். 2006இல் டைசல்ஃபைண்ட், 2008இல் மெட்டல்டிடெக்டர் என இத்தாலியிலிருந்து வந்தவற்றில்தான் கை பழகியது. பின்னது, உலோகம் பிடிக்கும் இன்னொரு அமினோ அமிலமான ஹிஸ்டிடினையும் பார்க்கும்.

செல்லுக்கு வெளியே சுரக்கும் புரதம் என்றால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ஆனால் கருவியை எடைபோட கோழிமுட்டையின் லைசோசைம் என்ற புரதத்தைக் கொடுத்துப் பார்க்காதீர்கள், அது கருவி கற்றுக்கொண்ட பயிற்சித் தரவிலேயே இருந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்புறம், பிணைந்திருக்கிறது என்று சொல்வது ஒன்று, எது எதோடு என்று சொல்வது வேறு. 8 சிஸ்டீன்களை ஜோடி சேர்க்க 105 வழிகள், 10 என்றால் 945. ஜோடிக் கணிப்பை நான் ஒரு யோசனையாக மட்டுமே எடுத்துக்கொள்வேன். உறவுப் புரதங்கள் குறைவாகக் கிடைக்கும் வரிசையில் மதிப்பெண்கள் நடுவில் வந்து நின்றுவிடும், அதை வைத்து எதுவும் முடிவெடுக்க முடியாது.

உண்மையான தலைவலி, இரண்டு சிஸ்டீன்களுக்கு நடுவே வேறு இரண்டு எச்சங்கள் (அமினோ அமிலங்கள்) வரும் இடம். ஈ.கோலை பாக்டீரியாவின் தயோரிடாக்சின் என்ற புரதத்தில் 32, 35ஆம் சிஸ்டீன்கள், நடுவில் கிளைசினும் புரோலினும். இந்தப் பாலம் திறந்து திறந்து மூடுவதுதான் அந்தப் புரதத்தின் வேலையே! அப்படியிருக்க 'பிணைந்ததா, இல்லையா' என்று ஒரே லேபிள் ஒட்டினால் என்ன அர்த்தம்? இதே இடைவெளி துத்தநாகம் பிடிக்கும் புரதங்களிலும் சாதாரணமாக வரும், கருவி குழம்புவதில் ஆச்சரியமில்லை.

வரிசையிலிருந்து முப்பரிமாண அமைப்பைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு 2 வந்தபிறகு, தனி ஒரு புரதத்துக்கு முதலில் அமைப்பைத்தான் பார்க்கிறேன். இரண்டு கந்தகங்கள் சுமார் 2.05 ஆங்ஸ்ட்ராம் தூரத்தில் இருந்தால் பாலம். உலோகத்தை அது வைக்காது, ஆனால் நான்கு பக்கச்சங்கிலிகள் காலியான ஓரிடத்தைப் பார்த்து வளைந்து நிற்பதைக் கண்டாலே புரிந்துவிடும். 2024இல் வந்த ஆல்ஃபாஃபோல்டு 3 அயனியையும் வைக்கும், ஆனால் எந்த அயனி என்று நாம்தான் சொல்ல வேண்டும், அதனால் அதை ஆதாரமாகக் காட்ட எனக்குத் தயக்கம்.

ஒரு ஜீனோம் முழுவதையும் சலிக்க வேண்டுமென்றால் இன்றும் வரிசைக் கருவிதான் வேகம். ஆய்வகத்தில் ஒரு சிஸ்டீனை செரின் என்ற வேறு அமினோ அமிலமாக மாற்றப் போகிறீர்களா? அதற்கு முன் டிடிடி (DTT, பாலத்தை உடைக்கும் வேதிப்பொருள்) போட்டும் போடாமலும் ஒருமுறை மாஸ் ஸ்பெக் (நிறையை அளக்கும் சோதனை) எடுத்துவிடுங்கள், உடையும் பாலம் ஒன்றுக்கு நிறை 2 டால்டன் கூடும், சிறிய புரதம் என்றால் நல்ல கருவியில் தெளிவாகவே தெரியும்.