மாவோஸ் லாஸ்ட் டான்சர்: படமா, புத்தகமா?

சீன பாலே நடனக்காரர் லீ சுன்ஷினின் தன்வரலாறுதான் இந்தப் புத்தகம். அதை முதலில் வாங்குங்கள். அதிலிருந்து எடுத்த படத்தை அதன் பிறகு, முடிந்தவரை பெரிய திரையில் பாருங்கள். வரிசையை மாற்றினால் இந்தக் கதை 'திறமை இருந்தது, வாய்ப்பு வந்தது, ஜெயித்தார்' என்ற அளவிலேயே மனதில் தங்கிவிடும்.

லீ சுன்ஷின் 1961இல் சீனாவின் ஷாண்டோங் மாகாணத்தில், சிங்டாவ் நகரை ஒட்டிய ஒரு கம்யூனில் (கூட்டுப் பண்ணைக் கிராமத்தில்) பிறந்தவர். ஏழு ஆண் பிள்ளைகளில் ஆறாவது. வள்ளிக்கிழங்கு வற்றல்தான் அந்த வீட்டின் அன்றாடச் சாப்பாடு. 11 வயதில், மாவோவின் மனைவி ஜியாங் சிங்கின் பாலே பள்ளிக்கு ஆள் எடுக்க வந்த அதிகாரிகளின் கண்ணில் பட்டு பெய்ஜிங் போனார். ஏழு ஆண்டுப் பயிற்சி. 1979இல் ஹூஸ்டன் பாலேயின் கலை இயக்குநர் பென் ஸ்டீவன்சன் கொடுத்த உதவித்தொகையில் அமெரிக்கா. 1981இல் ஊர் திரும்ப மறுத்ததும் ஹூஸ்டனில் இருந்த சீனத் துணைத் தூதரகத்துக்குள் 21 மணி நேரம் அடைத்து வைக்கப்பட்டார். பிறகு அதே ஹூஸ்டனில் முதன்மை நடனக்காரர், 1995இல் ஆஸ்திரேலியன் பாலேக்கு மாறினார். 2003இல் வந்த தன்வரலாறு, சிறுவர்களுக்கான சுருக்கப் பதிப்பு, 2007இன் படப் புத்தகம், புரூஸ் பெரஸ்ஃபோர்டு இயக்கிய 117 நிமிடப் படம் (2009) என்று ஒரே வாழ்க்கை நான்கு வடிவங்களில் கிடைக்கிறது.

படத்தின் பெரிய பலம், பாலே தெரிந்தவர்களையே நடிக்க வைத்தது. சிறுவன் லீயாக ஹுவாங் வென் பின், பதின்பருவ லீயாக செங்வூ குவோ, வளர்ந்த லீயாக அப்போது பர்மிங்ஹாம் ராயல் பாலேயில் இருந்த சி சாவ். முகத்துக்கு நடிகர், காலுக்கு டூப் என்று வெட்டி ஒட்டும் வேலை இங்கே தேவைப்படவில்லை. நடனத்தில் தெரிய வேண்டியது கால் மட்டுமல்ல. தாவிக் கீழே இறங்கும்போது தோள் எழும்புகிறதா, கழுத்து இறுகுகிறதா என்பதில்தான் ஆளின் தரம் தெரியும். பல காட்சிகளில் கேமரா உச்சி முதல் பாதம் வரை முழு உடம்பையும் காட்டுகிறது. அதற்கு ஒரு கும்பிடு.

அதே கேமரா சில தாவல்களில் ஸ்லோ மோஷனுக்குப் போய் எல்லாவற்றையும் கெடுக்கிறது. ஒருவர் அரை மீட்டர் உயரம் எழும்பினால் காற்றில் இருக்கும் நேரம் மொத்தமே சுமார் 0.64 வினாடி. அதில் பாதி நேரம் உயரத்தின் மேல் கால் பங்கிலேயே கழிகிறது. அந்த நேரம் பார்த்துக் கால்களையும் கைகளையும் மேலே கொண்டுபோனால் உடம்பின் எடைமையமும் உடம்புக்குள்ளேயே மேலே ஏறும். தலை மட்டும் கொஞ்ச நேரம் ஒரே உயரத்தில் போகும், மிதப்பதுபோல் தோன்றும். தாவுகிறவரின் கெட்டிக்காரத்தனம் முழுக்க இந்த நேரக் கணக்கில் இருக்கிறது. வேகத்தைக் குறைத்துக் காட்டினால் சுமாராகத் தாவுகிறவரும் மிதப்பார். சி சாவுக்கு அந்த உதவி தேவையே இல்லை.

பள்ளிக்கு ஆள் எடுக்கும் காட்சி சரியாக வந்திருக்கிறது. குழந்தைகளின் காலைத் தூக்குவதும் முதுகை வளைப்பதும் கொடுமைக்காகச் சேர்த்த மசாலா அல்ல. பாலேக்குக் கால் வெளிப்பக்கம் திரும்ப வேண்டும். பரதநாட்டிய அரைமண்டியைப் போலவே அந்தத் திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். எலும்பின் அமைப்பு அதற்கு எவ்வளவு இடம் தருகிறதோ அதற்கு மேல் பயிற்சியால் பெரிதாகக் கூட்ட முடியாது. இடுப்பில் வராததைப் பாதத்தைத் திருப்பி ஈடுகட்டப் பார்த்தால் முட்டி முறுக்கிக்கொள்ளும், உள்பாதம் சரியும். அதனால்தான் ஆடத் தெரியுமா என்று கேட்பதற்கு முன்பே மூட்டைச் சோதிக்கிறார்கள்.

ஏமாற்றம் பெய்ஜிங் பகுதியில்தான். இந்தப் பள்ளி 1954இல் சோவியத் ஆசிரியர்களின் துணையோடு தொடங்கியது. அடிப்படைப் பாடம் ரஷ்ய முறை. பிறகு கலாசாரப் புரட்சிக் காலத்தில் அதன் மேல் துப்பாக்கியும் முஷ்டியும் ஏறின. 'செம்மகளிர் படை' பாலேயில் பெண்கள் பாயிண்ட் ஷூவின் நுனியில் நின்றபடி துப்பாக்கி பிடிப்பார்கள். பள்ளி நிகழ்ச்சியைப் பார்த்த ஜியாங் சிங் 'துப்பாக்கி எங்கே?' என்று கேட்கும் இடம் படத்தில் நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் அந்த ஏழு ஆண்டு உழைப்பு சில நிமிடக் காட்சித் துண்டுகளில் முடிந்துபோகிறது.

புத்தகம் ஜெயிப்பது இங்கேதான். விடியற்காலை ஐந்தரைக்கு மணி. வகுப்பில் பின்தங்கிய பையன். ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சுழற்சிப் பயிற்சி. அந்தப் பக்கங்களைப் படிக்கும் முன் பிருவெட் என்கிற சுழற்சி எங்கே தப்பும் என்று தெரிந்திருந்தால் இன்னும் ருசிக்கும். ஒற்றைக்கால் முன்பாதத்தில் எழும்பும் அந்தக் கணத்தில் இடுப்பு நேராகப் பாதத்துக்கு மேல் வந்துவிட வேண்டும். ஒரு விரற்கடை பின்தங்கினாலும் இரண்டாவது சுற்றில் ஆள் சாய்வார். சுற்று போதவில்லை என்று கையை வீசினால் தோள் முந்தும், அச்சு உடையும். தலை கடைசியில் கிளம்பி முதலில் திரும்பி வர வேண்டும். கண் ஒரே புள்ளியைப் பிடிக்க வேண்டும். மங்கலான வெளிச்சத்தில் அந்தப் புள்ளியைப் பிடிப்பது கஷ்டம், அதனால் உடம்பு அச்சைத் தானே உணர்ந்தாக வேண்டும். அந்தப் பையனுக்கு அது எத்தனை பெரிய பாடமாக இருந்திருக்கும்!

லீ கணுக்காலில் மணல் மூட்டை கட்டிக்கொண்டு படியில் குதித்து ஏறுவதைப் பார்த்துவிட்டு வீட்டில் பிள்ளைகள் முயன்றால் தடுத்துவிடுங்கள். காலின் நுனியில் எடை ஏறினால் முட்டிக்கும் இடுப்புக்கும் இழுவை கூடும். வளரும் எலும்புக்கு அது நல்லதல்ல.

'டான் கிஹோட்டே' பாலே காட்சியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேறொருவருக்கு அடிபட, லீ மாற்றாளாக இறங்குகிறார். சில மணி நேரத்தில் கற்றுக்கொண்டு ஆட முடியுமா என்று சந்தேகம் வரும். தனி ஆட்டத்தைப் பொறுத்தவரை முடியும். செவ்வியல் பாலேயின் அடவுகள் உலகம் முழுக்க ஒன்றே. மனப்பாடம் செய்ய வேண்டியது வரிசையை மட்டும்தான். ஆபத்து ஜோடி ஆட்டத்தில் இருக்கிறது. கூட ஆடும் பெண்ணின் அச்சு எங்கே நிற்கிறது, தூக்குவதற்கு முன் அவர் எப்போது முட்டியை மடக்கி உந்துகிறார் என்பது கைக்குப் பழக வேண்டும். உந்துதலும் தூக்கலும் ஒரே நொடியில் சேராவிட்டால் முழு எடையும் ஆணின் கீழ்முதுகில் இறங்கும். படம் இந்தப் பயத்தைக் காட்டவே இல்லை, கைதட்டலைத்தான் காட்டுகிறது.

பெற்றோர் அமெரிக்கா வந்து மகனின் ஆட்டத்தைப் பார்க்கும் இடத்தில் படம் 'வசந்தத்தின் சடங்கு' பாலேயை வைக்கிறது, கிரேம் மர்ஃபியின் நடன அமைப்பில். நிஜத்தில் 1984இல் அவர்கள் பார்த்தது 'நட்கிராக்கர்'. திரைக்கு இந்த மாற்றம் பொருந்துகிறது, அம்மாவாக வரும் ஜோன் சென் கண்ணாலேயே காட்சியைத் தூக்கி நிறுத்துகிறார். தூதரகக் காட்சிகளும் விறுவிறுப்பாக இருக்கின்றன. முதல் திருமணம் மட்டும் அவசரக் கோலம். இரண்டாவது மனைவி மேரி மெக்கென்ட்ரியும் கடைசியில்தான் எட்டிப் பார்க்கிறார்.

'கிணற்றுத் தவளை' நம் ஊரில் திட்டு. புத்தகத்தில் அப்பா மகனுக்குச் சொல்லும் கதையில் தவளைக்கு வெளியே பெரிய உலகம் இருப்பது தெரியும், ஏறி வரத்தான் வழியில்லை. இந்தக் கதை படப் புத்தகத்திலும் இருக்கிறது, ஆன் ஸ்பட்விலாஸின் ஓவியங்களோடு. ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு அதை வாங்குங்கள். பத்து வயதைத் தாண்டியவர்களுக்குச் சிறுவர் பதிப்பு. படத்தில் சீன மொழிப் பகுதிகள் நிறைய, வசனத்துக்குத் துணையெழுத்து உண்டு. வேகமாகப் படிக்க வராத குழந்தைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும்.