கரும்புச் சக்கை நானோ இழைக் கூழ்: காகித உறைப் பூச்சுக்கு வாங்கலாமா?

வியாசர்பாடி கூட்டுறவுத் தொழிற்பேட்டையில் உள்ள எங்கள் பட்டறையில், வடை, பஜ்ஜி, பாரிமுனை அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) கடைகளின் பேஜோ போன்ற எண்ணெய்ப் பண்டங்களைக் கட்டித் தரும் காகித உறைகளுக்குப் பூச்சு பூசித் தருகிறோம். பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டுகளும் குவளைகளும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டதிலிருந்து மாற்றுப் பூச்சைத் தேடுவது எங்கள் தொழிலின் அன்றாடக் கவலையாகிவிட்டது. அந்தத் தேடலில் வாங்கியதுதான் இந்தச் செல்லுலோஸ் நானோ இழைக் கூழ், அதாவது தாவர நாரை மிக நுண்ணிய இழைகளாகப் பிரித்துத் தண்ணீரில் கலந்த கூழ். கரும்புச் சக்கையை நொதியால் (என்சைமால்) பதப்படுத்தி, மிகக் குறைந்த மின்சாரத்தில் தயாரித்தது என்று வாளியின் மேல் அச்சிட்டிருக்கிறார்கள். 100 பங்கில் 2 பங்கு இழை, மீதி தண்ணீர்.

மின்சாரம் பற்றிய கூற்று வெறும் விளம்பரம் அன்று. 1980களில் இப்படி நுண்ணிழை பிரிக்கும் முறை தொடங்கியபோது மரக்கூழை உயர் அழுத்த இயந்திரத்தின் நுண்ணிய இடுக்கு வழியே திரும்பத் திரும்பச் செலுத்த வேண்டியிருந்தது. நீண்ட இழைகள் இடுக்கை அடைத்துக்கொள்ளும், ஒரு டன் உலர் இழைக்கு ஏறத்தாழ 27,000 யூனிட் செலவாகும். நொதியானது செல்லுலோஸின் ஒழுங்கற்ற பகுதிகளை வெட்டி இழைச் சுவரைத் தளர்த்திவிடுவதால், சில சுற்றுகளிலேயே இழை பிரிந்து, செலவு 1,000 முதல் 2,000 யூனிட் அளவுக்கு இறங்கிவிடுகிறது. 2006இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் அகிரா இசோகாய் குழுவினர் வெளியிட்ட இன்னொரு வழியான, டெம்போ என்ற வேதி வினையூக்கியைக் கொண்டு செய்யும் ஆக்சிஜனேற்ற முறையில், மின்னேற்றம் பெற்ற இழைகள் ஒன்றையொன்று விலக்குவதால், 3 முதல் 4 நானோமீட்டர் அகலம் வரை எளிதாகப் பிரிகின்றன. ஆனால், விற்பவரிடம் துருவிக் கேட்டபோது, அவர் சொன்ன கணக்கில் அரைக்கும் இயந்திரம் மட்டுமே இருந்தது. நொதியோடு கூழைச் சூடாக வைத்திருக்கும் செலவும் கழுவும் செலவும் அதில் இல்லை.

அதைவிடப் பெரிய செலவு வாங்குகிறவர் தலையில் விழுகிறது. 2 சதவீதக் கூழில் 1 கிலோ இழைக்கு 49 கிலோ தண்ணீர் வருகிறது. அதை ஆவியாக்க மட்டும் ஏறத்தாழ 31 யூனிட் வெப்பம் தேவை. பழைய முறையில் அதே 1 கிலோ இழையைப் பிரிக்கவே 27 யூனிட்தான் ஆனது. ஆகவே, இந்தக் கூழை மட்டும் காகிதத்தில் தடவி உலர்த்தினால், ஆலையில் மிச்சமான மின்சாரத்தை நம் உலர்த்தி விழுங்கிவிடும். ஸ்டார்ச் (மாவுச்சத்து) பூச்சுக்கு எப்படியும் ஊற்ற வேண்டிய தண்ணீருக்குப் பதிலாக இதைச் சேர்ப்பதுதான் சரியான வழி. அப்படிச் செய்தால் கூடுதலாக ஆவியாக்க வேண்டியது எதுவுமில்லை.

அந்த வேலையில் கூழ் நன்றாகவே உழைக்கிறது. வாளியில் ஆறிய மைதாப் பசை போல அசையாமல் நிற்பது, கலக்கியவுடன் இளகி உருளையில் ஒழுங்காகப் பரவுகிறது. பூசிய பின் மீண்டும் இறுகிவிடுவதால் ஸ்டார்ச் பழுப்புக் காகிதத்துக்குள் இறங்காமல் மேலேயே நிற்கிறது, ஊசித் துளைகளும் குறைகின்றன. எண்ணெய் கசிவதும் தாமதமாகிறது. ஆனால் இழை ஈரத்தை இழுக்கும் தன்மை கொண்டது. ஆவி பறக்கும் வடையை உடனே உள்ளே போட்டு மடித்தாலோ, கடல் காற்றில் உறைகளைத் திறந்து அடுக்கி வைத்தாலோ தடுப்புத் திறன் தளர்ந்துவிடும். தைலம், தேங்காய்ச் சில்லு ஆகியவற்றின் மணம் போகாமல் காக்கும் என்று எதிர்பார்த்து யாரும் வாங்க வேண்டாம்.

திறந்த வாளி நம் ஊர் வெப்பத்தில் பூஞ்சை பிடிக்கிறது. மிஞ்சியதை உலர்த்தி எடுத்து வைக்கலாம் என்றும் நினைக்கக் கூடாது; காய்ந்த இழைகள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்துகொள்வதால் பிறகு எவ்வளவு கலக்கினாலும் பழைய நிலைக்கு வராது.

பின்லாந்தின் விடிடி ஆய்வு நிறுவனம், தண்ணீர் குறைவாக உள்ள கெட்டியான கூழிலேயே நொதியைக் கொண்டு இழையைப் பிரிக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. 20 சதவீதக் கூழ் என்றால் 1 கிலோ இழையோடு வருவது 4 கிலோ தண்ணீர்தான். வண்டி வாடகையும் அதற்கேற்பக் குறையும். அந்தப் பதத்தில் இங்கே யாராவது விற்றால் பெரிய அளவில் வாங்கத் தயாராக இருக்கிறேன். அதுவரை, ஸ்டார்ச்சில் கலப்பதற்கு மட்டும், உடனே தீர்ந்துவிடும் அளவுக்குச் சிறிய வாளியாக வாங்குங்கள்.