க்ரியா அகராதி: நாசூக்குக்கும் இங்கிதத்துக்கும் நடுவே

ஊழியர்களுக்கு நற்சான்றும் மதிப்பீட்டுக் குறிப்பும் தமிழில் எழுதித் தருவது என் வேலை. மேசையில் எப்போதும் கிடப்பது ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’, 2020இல் வந்த பதிப்பு.

அண்மையில் ஒரு மேலாளர், நல்ல ஊழியர் ஒருவரைப் பற்றி ‘நாசூக்காகப் பேசக்கூடியவர்’ என்று எழுதி அனுப்பினார். பாராட்டத்தான் எழுதினார். ஆனால் அந்தச் சொல் புழங்கும் இடங்களைப் பாருங்கள்: நாசூக்காக மறுத்தார், நாசூக்காகக் கழன்றுகொண்டார், நாசூக்காகக் குத்திக்காட்டினார். மனம் நோகாமல் சொல்வது என்ற பொருள் இருக்கிறது. கூடவே, பிடி கொடுக்காத ஆள் என்ற வாடையும் இருக்கிறது. அதை அடித்துவிட்டு ‘இங்கிதம் தெரிந்தவர்’ என்று மாற்றினேன். இங்கிதம் பேச்சோடு நிற்பதில்லை. எதிரே இருப்பவரின் சங்கடத்தை அவர் வாய்விட்டுச் சொல்லாமலே கண்டுகொண்டு, கேட்க வந்ததைக் கேட்காமல் விடுவதும் இங்கிதம்தான். சாதுரியம் வேறு வகை. அதில் பேசுகிறவரின் காரியம் நடந்தாக வேண்டும். ராஜதந்திரமோ நாடுகளுக்கு இடையிலான பேச்சுக்குப் பொருந்தும். சக ஊழியரை ராஜதந்திரி என்றால் சூழ்ச்சிக்காரர் என்றே படிப்பார்கள்.

இப்படி யோசிக்க என்னைப் பழக்கியது இந்த அகராதிதான். தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள் தந்துவிட்டு, இன்றைய உரைநடையில் எடுத்துக்காட்டு வாக்கியமும் தருகிறது. வாக்கியத்துக்குள் பார்த்தால்தான் ஒரு சொல் யாரோடு சேரும், யாரோடு சேராது என்பது பிடிபடும். 1992இல் முதல் பதிப்பு. 2008 பதிப்பில் இலங்கைத் தமிழ் வழக்குகளும் சேர்ந்தன. பேச்சு வழக்குக்கு என்று தனிக் குறியும் உண்டு. அலுவல் கடிதம் எழுதுகிறவருக்கு அந்தக் குறி மிகவும் உதவும்.

சொல்லின் வேர் இதில் கிடைக்காது. அதற்கு நான் போவது 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதிக்கு. சிகாகோ பல்கலைக்கழக இணையதளத்தில் இலவசமாகவே தேடலாம். இங்கிதம் வடமொழியிலிருந்து வந்தது, அங்கே அதற்குக் குறிப்பு, சைகை என்று பொருள். நாசூக்கு, மென்மையைக் குறிக்கும் பாரசீகச் சொல்லின் வழி வந்தது. ஒன்று பிறர் குறிப்பை அறிவது, மற்றது நம் பேச்சை மென்மையாக்குவது. வேர் தெரிந்ததும் வழக்கில் உள்ள வேறுபாடும் துலங்கிவிடுகிறது.

க்ரியாவிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நாசூக்கு, இங்கிதம், சாதுரியம் போன்ற நெருங்கிய சொற்களை அடுத்த பதிப்பில் அருகருகே வைத்து, எங்கே எது பொருந்தும் என்று ஒரு சிறு குறிப்புப் போட வேண்டும். இப்போது பக்கம் மாற்றி மாற்றிப் புரட்டித்தான் ஒப்பிட முடிகிறது. அப்படியே இருந்தாலும், தமிழில் எழுதிப் பிழைக்கிற எவரும் வாங்கலாம் என்று தயங்காமல் சொல்வேன்.