செஞ்சியா, ஸ்பிஷா? மலைக்கோட்டையையும் அடிவாரத்து வாழ்வையும் படமெடுக்க ஏற்ற இடம் எது

சிங்கப்பூரின் மிக உயர்ந்த இடமான புக்கிட் தீமாவின் உயரம் 164 மீட்டருக்கும் சற்றுக் குறைவுதான். அதன் உச்சியில் நின்றாலும் மரங்கள் பார்வையை மறைக்கின்றன. மலைமேல் ஒரு பழங்கோட்டை, அதன் கீழே உழவும் மேய்ச்சலுமாக ஓர் ஊர் என்ற காட்சியைப் படமெடுக்க விரும்பும் நம்மவர் கடல் கடந்துதான் போக வேண்டும். அப்படிப் போவதற்கு எனக்குச் சிறந்தவையாகத் தோன்றும் இரண்டு இடங்களை, விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சிக் கோட்டையையும் கிழக்கு ஸ்லோவாக்கியாவின் ஸ்பிஷ் கோட்டையையும், இங்கே ஒப்பிடுகிறேன். இரண்டுமே யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்கள். ஸ்பிஷ் 1993இல் பட்டியலில் சேர்ந்தது. மராட்டியப் படைத்தளக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாகச் செஞ்சி 2025 ஜூலையில் சேர்க்கப்பட்டது.

கோட்டையை மட்டும் எடுத்தால் அது அஞ்சலட்டைப் படமாக நின்றுவிடும். மேலே இருந்த அதிகாரத்துக்கும் கீழே அதற்குச் சோறுபோட்ட நிலத்துக்கும் இடையிலான உறவு ஒரே சட்டகத்தில் தெரிகிறதா என்பதே என்னுடைய அளவுகோல்.

வடிவத்தைப் பொறுத்தவரை ஸ்பிஷ் எளிதில் பிடிபடும். சமவெளியின் நடுவே தனித்து எழும் சுண்ணக்கல் குன்றின்மீது, 12ஆம் நூற்றாண்டில் தொடங்கி வளர்ந்து, 1780இல் தீக்கிரையான வெளிர்நிறக் கோட்டை அது. ஏறத்தாழ 4 ஹெக்டேர் பரப்புள்ள அந்த இடிபாடு, எத்திசையிலிருந்து நோக்கினாலும் வானத்தின் பின்னணியில் தெளிவாக வெட்டித் தெரிகிறது. செஞ்சி அப்படி உடனே தன்னைக் காட்டிக்கொடுப்பதில்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளை இணைத்துச் சுமார் 13 கிலோமீட்டர் நீளத்துக்கு மதில் ஓடுகிறது. குன்றும் மதிலும் ஒரே கருங்கல் என்பதால், உச்சி வெயிலில் எது இயற்கைப் பாறை, எது கட்டிய சுவர் என்று கேமராவுக்குப் பிரித்தறியத் தெரியாது. சாய்ந்த வெளிச்சம் விழும்போதுதான் உருண்டைப் பாறைகளின் நிழலிலிருந்து மதிலின் நேர்க்கோடு விலகி வெளியே வரும். ஆனந்தக் கோன் கட்டத் தொடங்கினான் என்று மரபு சொல்லும் இந்தக் கோட்டை விஜயநகர நாயக்கர், மராட்டியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனக் கைமாறியது. சிவாஜி 1677இல் பிடித்த அதை முகலாயப் படை 1698இல் கைப்பற்றியது; அதற்கு அவர்களுக்கு ஏறத்தாழ எட்டு ஆண்டு முற்றுகை தேவைப்பட்டது. ஏன் அவ்வளவு காலம் ஆயிற்று என்பதைக் கீழே நின்று ராஜகிரியை அண்ணாந்து பார்ப்பவர் உடனே உணர்வார். அந்த உணர்வைப் படத்தில் கொண்டுவர, மலையின் அடியில் ஒரு மனித உருவமாவது இருந்தாக வேண்டும்.

வெளிச்சத்தில் ஸ்பிஷுக்கே முதலிடம் தருவேன். ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் அதிகாலை நாலரை மணியளவில் எழுந்து இரவு எட்டே முக்கால் வரை மறையாது. வட அட்சரேகை 49 பாகையில் அது தாழ்வாகச் சாய்ந்து நகர்வதால், பொன்னிற ஒளி ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீடிக்கும். காலையில் ஜெஹ்ரா கிராமத்திலிருந்து அங்குள்ள பழைய தேவாலயத்தை முன்னிறுத்திக் கோட்டையை எடுக்கலாம். மாலையில் மேற்கே உள்ள ஸ்பிஷ்ஸ்கா கபிதுலா என்ற பழைய தேவாலய ஊரிலிருந்து பார்த்தால் வெளிச்சம் முழுவதும் கோட்டையின் முகத்தில் விழும். செஞ்சியில், நம் சிங்கப்பூரைப் போலவே, சூரியன் ஏறக்குறைய நேராக மேலேறுவதால் நல்ல வெளிச்சம் விரைவில் முடிந்துவிடும். கோட்டை வாயில் திறக்கும் நேரத்திற்குள் அது கடுமையாகிவிடுவதால் விடியலை வயல்வெளியில் செலவிடுவதே அறிவு. அதன்பின் முதலில் கிருஷ்ணகிரியில் ஏற வேண்டும், ஏனெனில் ராஜகிரியை முழுமையாகக் காட்டும் இடம் அதுதான்.

ஆனால் அடிவாரத்து வாழ்வு என்று வரும்போது தராசு முற்றிலும் மறுபக்கம் சாய்கிறது. ஸ்லோவாக்கியாவில் கம்யூனிச ஆட்சிக் காலத்தில் சிறு நிலங்கள் கூட்டுறவுப் பண்ணைகளாக ஒன்றுசேர்க்கப்பட்டன. வரப்புகள் அழிந்து, கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே பயிராக விரியும் அந்த வயல்கள் இன்றும் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. கோட்டைக்குக் கீழே விரியும் புல்வெளியும், வெட்டிச் சுருட்டிய வைக்கோல் உருளைகளும், தொலைவில் தாத்ரா மலைத்தொடரும் மிக அழகான கோடுகளைத் தருகின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் கோடுகளுக்கு இடையே மனிதர் அரிது; ஒரு டிராக்டர் வந்து போனால் அன்றைய வேலை முடிந்துவிடும்.

செஞ்சியைச் சுற்றியுள்ள நிலமோ சிறு துண்டுகள், வரப்புகள், ஏரிகள், பனைகள் என்று பிரிந்து கிடக்கிறது. ஒவ்வொரு துண்டிலும் யாரோ ஒருவர் குனிந்து வேலை செய்துகொண்டிருக்கிறார். சம்பா அறுவடைக் காலத்தில், அறுப்பு வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டுவிட்ட போதிலும், உலர்த்தும் வேலை மனிதர் கையில்தான் இருக்கிறது. தார்ச்சாலையின் ஓரத்தில் நெல்லைப் பரப்பி, பெண்கள் வெறுங்காலை நெல்லுக்குள் இழுத்தபடி நெடுக நடக்கிறார்கள். அடியில் இருக்கும் ஈர நெல் மேலே புரளுவதற்காக அப்படிச் செய்வது. அந்த நடையில் நெற்பரப்பின்மீது இணையான சால்கள் விழுகின்றன. அகலக் கோண லென்சைத் தரையோடு தரையாக வைத்தால் அந்தச் சால்கள் அத்தனையும் ராஜகிரியின் அடிவாரத்தை நோக்கி ஓடும். மேலே ராஜகிரியிலும் நெற்களஞ்சியங்கள் உண்டு என்பதை அறிந்தவருக்கு, நான் தேடும் உறவு அந்த ஒரே படத்தில் முழுமையாகக் கிடைத்துவிடும்.

இன்னொரு காரணமும் எனக்கு முக்கியமானது. உழைத்துக்கொண்டிருக்கும் ஒருவரைத் தொலைவிலிருந்து நீண்ட லென்சால் திருட்டுத்தனமாக எடுப்பதை நான் ஏற்பதில்லை. செஞ்சியில் அருகில் போய், “அம்மா, ஒரு படம் எடுத்துக்கலாமா?” என்று கேட்க முடிகிறது. “எங்கள எதுக்குப்பா எடுக்கிற, வெயில்ல கருத்துக் கெடக்கிறோம்” என்று ஒருவர் சிரிக்க, மற்றொருவர் மடியிலிருந்து ஒரு பிடி மல்லாட்டையை (வேர்க்கடலையை) எடுத்து நீட்டுவார். பேச்சு எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று நீண்ட பிறகு எடுக்கும் படத்தில் முகம் இறுகியிருக்காது. மறுப்பவரும் உண்டு, அவரை வற்புறுத்தக் கூடாது. ஜெஹ்ராவில் என்னால் புன்னகைக்கவும் தலையசைக்கவும் மட்டுமே முடியும். அங்குள்ளோர் மரியாதையானவர்கள், ஆனால் இந்த நெருக்கம் அங்கே வாய்க்காது. ஆகவே கட்டடக் கலைக்காகவே போகிறவர் தயங்காமல் ஸ்பிஷுக்குப் போகலாம். கிராம வாழ்வையும் சேர்த்து எடுக்க நினைக்கும் தமிழருக்குச் செஞ்சியே உரியது என்பது என் முடிவு.

பருவமும் விடுமுறையும் இதில் குறுக்கிடுகின்றன. ஜூன் பள்ளி விடுமுறையில் மட்டுமே போக முடியும் என்றால் செஞ்சியைத் தவிர்க்கலாம்; வெயில் கொளுத்தும், ஏரிகளும் வறண்டிருக்கும். அதே ஜூனில் ஸ்பிஷ் தன் சிறந்த நிலையில் இருக்கும். ஆண்டிறுதி விடுமுறையில் நிலைமை தலைகீழாகிவிடும்: வடகிழக்குப் பருவமழையால் செஞ்சி பச்சையாகவும் ஏரிகள் நிறைந்தும் இருக்கும், மழை குறுக்கிடும் வாய்ப்பை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பயண ஏற்பாட்டில், சிங்கப்பூர்க் குடிமக்கள் ஸ்லோவாக்கியாவுக்கு விசா இன்றியே போகலாம், இந்தியாவுக்கு மின்விசா எடுக்க வேண்டும். இங்கே வேலை அனுமதியில் இருக்கும் இந்தியக் குடிமக்களுக்கோ, ஸ்லோவாக்கியா உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா தேவை. சென்னைக்கு நேரடி விமானத்தில் நான்கு மணி நேரம், அங்கிருந்து சாலைவழியில் திண்டிவனம் கடந்து செஞ்சி. இந்தியத் தொல்லியல் துறையின் சின்னங்களில் முக்காலி பயன்படுத்த முன் அனுமதி வேண்டும். ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். 2022 முதல் அதன் இறக்குமதிக்கு இந்தியாவில் தடை உள்ளது. குளிரூட்டிய விடுதி அறையிலிருந்து மார்கழி, தை விடியலின் ஈரக்காற்றுக்கு வரும்போது லென்சில் ஆவி படியும் என்பதால், புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்பே கேமராப் பையை அறைக்கு வெளியே வைப்பது நல்லது.

என்னைக் கேட்டால் சீனப் புத்தாண்டின் இரண்டு நாள் விடுமுறையோடு சில நாள் ஆண்டு விடுப்பைச் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். அது பெரும்பாலும் சம்பா அறுவடையை ஒட்டியே வரும், மழையும் ஓய்ந்திருக்கும். அந்த வாரத்தில் விமானக் கட்டணம் ஏறும் என்பதால் சீட்டை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும்.