ஒன்பதும் பத்தும்: ஸ்க்ரம் ஹாஃப், ஃப்ளை ஹாஃப் ஓர் ஒப்பீடு

ரக்பி யூனியனில் 9-ஆம் எண் ஸ்க்ரம் ஹாஃபும் 10-ஆம் எண் ஃப்ளை ஹாஃபும் அடுத்தடுத்து நின்றாலும் அவர்களின் வேலை ஒன்றல்ல. முன்னவர், முன்கள வீரர்கள் முட்டிமோதும் குவியலின் அடியிலிருந்து பந்தைக் குனிந்து எடுத்து, எதிரணியினர் பாய்வதற்குள் கைமாற்ற வேண்டியவர். ஸ்க்ரம்முக்குள், அதாவது இரு அணிகளின் முன்கள வீரர்களும் பிணைந்து தள்ளும் அமைப்புக்குள், பந்தை இடுபவரும் அவரே. தரையில் கிடக்கும் பந்துக்காக இரு அணியினரும் மோதும் குவியலான ரக் ஏறக்குறைய ஒவ்வொன்றுக்கும் ஓடிச் சேர வேண்டியிருப்பதால், உழைப்பில் ஒன்பதே பெரிது என்பேன். பின்னவருக்குச் சற்றே கூடுதல் இடம் கிடைக்கிறது. அதற்குள் உதைப்பதா, ஓடுவதா, கடத்துவதா என்று அவர் முடிவெடுத்தாக வேண்டும். 2003 உலகக் கோப்பை இறுதியாட்டத்தின் கூடுதல் நேரத்தில், இங்கிலாந்தின் ஒன்பதான டாசன் அனுப்பிய பந்தை, பத்தான வில்கின்சன் தமது வலுக்குறைந்த வலக்காலால் டிராப் கோலாக (பந்தைத் தரையில் விழவிட்டு, அது எழும்போது கம்பங்களுக்கிடையே உதைப்பது) உதைத்து, இங்கிலாந்தை 20–17 என வெல்லவைத்தார். புகழ் பத்துக்குப் போனது; அதற்குச் சற்றுமுன் இடைவெளியில் புகுந்து அணியை முன்னேற்றியவரோ ஒன்பது.