சாமான் லொறியில் ஏறிய பிறகு ஏறிய விலை: ஸ்காபரோவிலிருந்து எட்மன்ரனுக்கு

ஒன்ராறியோவிலிருந்து அல்பேர்ட்டாவுக்குக் குடிபெயர இருப்பவர்கள், லொறிக்காரருக்கு முற்பணம் அனுப்புவதற்கு முன் இதை வாசித்துவிடுங்கள். 2,900 டொலர் என்று பேசிய கூலி எங்களுக்கு 6,850 டொலரில் போய் முடிந்தது. அதில் ஒரு சதம்கூட இன்னும் திரும்பி வரவில்லை.

2024 ஆகஸ்ட் கடைசியில் நாங்கள் ஸ்காபரோவை விட்டு வெளிக்கிட்டோம். எட்மன்ரனுக்குத் தெற்கே நிஸ்கு பக்கம் எனக்கு வேலை கிடைத்திருந்தது. 'அல்பேர்ட்டா அழைக்கிறது' என்ற விளம்பரத்தை ரொறன்ரோ சப்வேயில் பார்த்த நாளிலிருந்தே மனைவிக்கும் எனக்கும் அந்த யோசனை இருந்தது. ஒன்ராறியோவில் 13 வீதம் விற்பனை வரி, அங்கே 5 வீதம்தான். வாடகையும் குறைவு. கணக்குப் போட்டுப் பார்த்தால் எல்லாமே எங்களுக்குச் சாதகமாகத்தான் இருந்தது. குடிபெயரும் செலவுக்கென்று 5,000 டொலர் ஒதுக்கி வைத்தோம்.

சாமான் ஏற்ற மூன்று இடங்களில் விலை கேட்டோம். ஒருவர் வீட்டுக்கே வந்தார். அலுமாரிகளைத் திறந்து பார்த்தார், கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தார், பல்கனியில் நின்ற சைக்கிள்களைக்கூட எண்ணிக்கொண்டு போய் 4,800 டொலர் என்று எழுதித் தந்தார். எங்களுக்கு அது கூடவாகப் பட்டது. இணையத்தில் கண்ட இன்னொரு கொம்பனி ஃபோனிலேயே ஐந்து நிமிடத்தில் விலை சொல்லிவிட்டது. "இரண்டு அறை வீடுதானே, 2,500 இறாத்தலுக்கு மேல் வராது, 2,900 டொலர்." 500 டொலர் முற்பணத்தை ஈ-ட்ரான்ஸ்ஃபரில் அனுப்பினேன். எஸ்டிமேட், அதாவது செலவு மதிப்பீடு, ஈமெயிலில் வந்தது. எங்கள் சாமானை ஒருமுறையும் பார்க்காத ஒருவர் அதன் எடையை எப்படிச் சொன்னார் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை.

ஏற்றும் நாளில் வந்தது பெயர் எழுதாத ஒரு வாடகை லொறி. இரண்டு பொடியன்கள் இறங்கினார்கள். கொம்பனியின் பெயரைச் சொன்னால் அவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை, தாங்கள் சப்-கொன்ட்ராக்ட் என்றார்கள். நான் ஃபோனில் பேசியது ஒரு தரகருடன் என்பது அப்போதுதான் விளங்கியது. அந்த நிமிடமே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் லிஃப்ட் பகல் ஒரு மணி வரைக்கும்தான் எங்களுக்கு, வீட்டைக் காலி செய்து கொடுக்கும் நாளும் அதுதான். கடைசிப் பெட்டியும் ஏறிய பிறகு ஒரு டாப்லெட்டை மனைவியிடம் நீட்டிக் கையொப்பம் வாங்கினார்கள். நான் கீழே கட்டிடத்தைப் பார்த்துக்கொள்ளும் சுப்பரின்டென்டனிடம் திறப்புக் கொடுத்துக்கொண்டிருந்தேன். "சாமான் ஏற்றினதுக்கு அத்தாட்சி, அக்கா" என்று சொன்னார்களாம். அதில் இருந்தது புது ஒப்பந்தம். கடைசி விலை லொறியில் நிறுத்துப் பார்த்த எடைப்படிதான் என்று அதில் எழுதியிருந்தது.

நாங்கள் காரில் நான்கு நாள் ஓடி, சுமார் 3,400 கிலோமீற்றர் தாண்டி வந்து சேர்ந்தோம். சாமான் பத்து நாளில் வரும் என்றார்கள். பிள்ளைகள் காற்றடித்த மெத்தையில் படுத்து எழும்பிப் புதுப் பள்ளிக்கூடம் போனார்கள். பதினான்காம் நாள் அழைப்பு வந்தது. எடை 5,200 இறாத்தலாம். இன்னும் 6,170 டொலர், காசாக அல்லது ஈ-ட்ரான்ஸ்ஃபராக, சாமான் இறக்க முதல் தரவேண்டுமாம். தராவிட்டால் நாளொன்றுக்கு 90 டொலர் களஞ்சிய வாடகை.

தராசில் எடை நிறுத்ததற்கான துண்டைக் காட்டச் சொன்னேன். ஒழுங்காகத் தொழில் செய்பவர்கள் லொறியை வெறுமையாக ஒருமுறையும் சாமானோடு ஒருமுறையும் தராசில் ஏற்றி நிறுத்து, இரண்டு துண்டையும் தருவார்கள். இவர்களிடம் "அது ஒஃபீஸில் இருக்கு" என்ற பதிலைத் தவிர வேறில்லை. பொலிஸை அழைத்தேன். இது சிவில் விவகாரம் என்றார்கள். அந்தப் பெட்டிகளில் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த குத்துவிளக்கு இருந்தது, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் இருந்தன. (சான்றிதழ், நகை, கடவுச்சீட்டு எதையும் லொறியில் ஏற்றாதீர்கள், உங்கள் காரிலேயே கொண்டு போங்கள்.) இரண்டு நாள் வாக்குவாதப்பட்டுப் பார்த்தோம். மூன்றாம் நாள் 180 டொலர் களஞ்சிய வாடகையும் சேர்த்து 6,350 அனுப்பினேன்.

சாமான் வந்தது. டிவியின் கண்ணாடி வெடித்திருந்தது. நட்டஈடு கேட்டபோது மட்டும் உடனே பதில் வந்தது, இறாத்தலுக்கு 60 சதம். தனியாகக் காப்புறுதி எடுக்காவிட்டால் இந்தத் தொழிலில் வழக்கமான பொறுப்பு அவ்வளவுதான். 38 இறாத்தல் டிவிக்கு 22 டொலர் 80 சதம். அதுவும் வரவில்லை.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைத் தேடி வாசித்தேன். ஒப்பந்தத்தில் எஸ்டிமேட் இருந்தால், அதற்கு மேல் 10 வீதத்தைவிடக் கூடுதலாக வாங்க முடியாது. என் கணக்கில் அது 3,190 டொலர். அந்தச் சட்டம் தெரிந்திருந்தால் அந்த ஈமெயிலை ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கையொப்பமிட்டுத் தரச் சொல்லிக் கேட்டிருப்பேன், டாப்லெட்டில் ஒப்பமிட விட்டிருக்கவே மாட்டேன். மாகாண அரசுக்கு முறைப்பாடு எழுதினேன். கொம்பனிக்கு அனுப்பிய கடிதத்துக்குப் பதில் இல்லை. தரகரின் ஃபோன் நம்பர் இப்போது வேலை செய்வதில்லை. முற்பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் போய் வாதாட ஒரு வழியாவது இருந்திருக்கும். ஈ-ட்ரான்ஸ்ஃபர் அவர்கள் கணக்கில் விழுந்துவிட்டால் திருப்பி எடுக்க முடியாது. கார்ட் வேண்டாம் என்கிற லொறிக்காரரை அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

வருமான வரியிலும் இதன் அடி விழுந்தது. வேலைக்காகக் குடிபெயர்ந்து, புது வேலையிடத்துக்கு 40 கிலோமீற்றராவது கிட்டப் போயிருந்தால், டி1-எம் என்ற குடிபெயர்வுச் செலவுப் படிவத்தில் அந்தச் செலவைப் புது இடத்து வருமானத்திலிருந்து கழிக்கலாம். வழியில் கார் ஓடியதற்கும் சாப்பாட்டுக்கும் ரசீது இல்லாமலே கணக்குப் போடும் சுருக்க முறை இருக்கிறது. அதை எழுதினோம். ஆனால் சாமான் கூலிக்கு ரசீது வேண்டும். அதை மூன்று தரம் கேட்டும் அவர்கள் தரவில்லை. வங்கிக் கணக்கில் ஒரு தனி ஆளின் பெயருக்குக் காசு போனது மட்டும்தான் தெரிகிறது. அதை வைத்து எழுத எங்கள் கணக்காளர் சம்மதிக்கவில்லை. ஆகப் பெரிய செலவு அப்படியே கழிவில்லாமல் போனது.

மற்றவை சுருக்கமாக. டிசெம்பர் 31 அன்று எந்த மாகாணத்தில் இருக்கிறீர்களோ அந்த மாகாண வருமான வரிதான் முழு வருடத்துக்கும். ஒன்ராறியோவின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப்பை அவசரப்பட்டு விடவேண்டாம். ஆகஸ்டில் போன எங்களுக்கு அல்பேர்ட்டா ஹெல்த் கார்ட் நவம்பர் 1 முதல்தான், அதுவரை ஓஹிப்தான் கைகொடுத்தது. வெளிமாகாணக் காரை அங்கே பதிய முதல் தனியாக ஒரு பரிசோதனை செய்யவேண்டும், திருத்த வேலை வந்தால் அதற்கும் காசு எடுத்து வையுங்கள்.

பிரம்ப்டனில் இருக்கும் என் மச்சான் அடுத்த மாதம் கல்கரிக்கு வருகிறான். 4,800 சொன்ன அந்த மனிதரின் நம்பரை அவனுக்குக் கொடுத்திருக்கிறேன். சனிக்கிழமை வீடு பார்க்க வருகிறாராம். பேஸ்மென்டில் இருக்கும் சாமானையும் மறக்காமல் காட்டு என்று சொல்லியிருக்கிறேன்.