சுங்கை சிப்புட்ல கேஸ் தோங் எங்க வாங்கலாம்னு கேக்குறவங்களுக்கு

நம்ம பேராக் சுங்கை சிப்புட் டவுன்ல கேஸ் தோங், அதாவது கேஸ் சிலிண்டர், விக்கிற கடைக்குப் பஞ்சமே இல்ல, மளிகைக் கடை வாசல்ல கூட நாலு தோங் அடுக்கி வச்சிருப்பாங்க, போன் அடிச்சா மோட்டார் சைக்கிள்ல கட்டி எடுத்துட்டு வந்து அடுப்படியில இறக்கிட்டு காசு வாங்கிட்டு போயிக்கிட்டே இருப்பாங்க. ஆனா நான் சொல்ல வர்றது ஒரே ஒரு கடையப் பத்தி தான். பழைய கடை வரிசையில ஒரு சீனத் தவுக்கே (முதலாளி) குடும்பம் நடத்துற கேஸ் கடை, அப்பா காலத்துலேர்ந்து இருக்கு, தவுக்கே நம்மள விட நல்லா தமிழ் பேசுவாரு. பேரு போட வேணாம்னு அவரே சொல்லிட்டாரு, ஊர்க்காரங்களுக்கு இதுக்கு மேல அடையாளமும் தேவைப்படாது.

விலையில ஒண்ணும் பெருசா வித்தியாசம் இல்ல. வீட்டுக்குப் போடுற மானிய கேஸ் கிலோவுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்) 90 காசு, 14 கிலோ தோங் 26 வெள்ளி 60 காசு, இது அரசாங்கம் வச்ச விலை. அதுக்கு மேல வீட்டுக்குக் கொண்டு வந்து குடுக்கிற கூலி ஒவ்வொரு கடையும் ஒவ்வொரு மாதிரி வாங்குவாங்க, இந்தக் கடையில மத்த கடைய விட ஒரு ரெண்டு வெள்ளி கூட தான். அந்த ரெண்டு வெள்ளிக்கு என்ன கிடைக்குதுன்னு தான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

தோங் கொண்டு வர்ற அண்ணன் நம்ம ஆளு, முன்னாடி தோட்டத்துல வேல பாத்தவரு. மத்தவங்க மாதிரி இறக்கி வச்சிட்டு ஓட மாட்டாரு. உள்ள வந்ததும் மொத கேள்வி, "சாமி விளக்கு எரியுதாம்மா?" எங்க வீட்ல சாமி மேடை அடுப்படிய ஒட்டினாப்ல இருக்கு, பாதி வீட்டுல அப்படித் தான். விளக்க அணைச்சு, ஸ்டவ் ரெண்டு பக்கமும் மூடியிருக்கான்னு கையால திருப்பிப் பாத்துட்டு தான் பழைய தோங்கக் கழட்டுவாரு. புது தோங்க நிமித்தியே தான் வச்சு உருட்டுவாரு, படுக்க வைக்கவே மாட்டாரு. உள்ள இருக்கிறது தண்ணி மாதிரி திரவம், தோங்க சாச்சா அந்தத் திரவமே ரெகுலேட்டருக்குள்ள போயிடும், ரெகுலேட்டர் கேஸ மட்டும் தாங்குற சாமான். அப்புறம் தோங்கு வாயில இருக்கிற சீல நம்ம கண்ணு முன்னாடி உடைப்பாரு, கைபோன் லைட்ட அடிச்சு வால்வு வாய்க்குள்ள இருக்கிற ரப்பர் வளையத்தப் பாப்பாரு. போன தடவ அந்த வளையம் ஒரு ஓரத்துல லேசா கிழிஞ்சிருந்துச்சு, ஒரு வார்த்த பேசல, அந்தத் தோங்க திரும்ப லோரிக்கே தூக்கிட்டுப் போயி வேற ஒண்ணு கொண்டாந்தாரு.

ரெகுலேட்டர் மாட்டினதும் 'டக்'னு சத்தம் கேக்கணும், கேட்டதுக்கு அப்புறமும் ஒரு இழு இழுத்துப் பாப்பாரு. அடுத்தது தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. பாத்திரம் கழுவுற சோப்பத் தண்ணியில கலந்து ஒரு ஸ்ப்ரே போத்தல்ல வச்சிருக்காரு, அத ரெகுலேட்டர் மாட்டின இடம், ஹோஸ் ரெண்டு முனை, கிளிப் இறுக்குன இடம், ஹோஸ் நீளத்துக்கும் அடிச்சு விட்டு ரெகுலேட்டரத் திறந்து கொஞ்ச நேரம் சும்மா நின்னு பாப்பாரு. நுரை அப்படியே கிடந்தா நல்லது, ஒரே இடத்துல குமிழி விட்டு பெருசாயிக்கிட்டே வந்தா அங்க கசியுது. "நீங்களும் வந்து பாருங்கக்கா"ன்னு கூப்பிட்டுக் காட்டுவாரு. இப்ப எங்க வீட்டுப் பிள்ளைங்களே சோப்புத் தண்ணி அடிச்சுப் பாக்குதுங்க, தீக்குச்சி பத்த வச்சு கசிவு தேடுற பழக்கம் இன்னும் சில வீட்ல இருக்கு, தயவுசெஞ்சு விட்ருங்க, அது உசுரோட விளையாடுறது.

இதுக்கு முன்னாடி வேற ஒருத்தர்ட்ட வாங்கிட்டு இருந்தோம், யாருன்னு சொல்ல வேணாம். தோங்க மோட்டார்ல படுக்கப் போட்டுக் கட்டிட்டு வருவாரு, மாட்டினதும் 'உஸ்ஸு'ன்னு சத்தம், நாத்தம் வேற, கேட்டா "கொஞ்ச நேரத்துல சரியாயிடும்"னு சொல்லிட்டு மோட்டார ஸ்டார்ட் பண்ணிட்டாரு. கேஸ் கசிவு தன்னால சரியாகாது. கேஸுக்கு இயல்பா வாசனையே கிடையாது, நமக்குத் தெரியணும்னு தான் அந்த அழுகுன முட்டை நாத்தத்த வேணும்னே கலக்குறாங்க, அந்த நாத்தம் வருதுன்னா கேஸ் வெளிய வருதுன்னு அர்த்தம், அவ்ளோ தான். அன்னைக்கோட அந்த ஆள்ட்ட வாங்குறத நிறுத்தினோம்.

பக்கத்து வீட்டுப் பாட்டி வீட்ல நடந்தத சொல்லியே ஆகணும். ஸ்டவ்வுக்குப் பின்னாடி ஹோஸ் வளைஞ்சு சுவத்த உரசிட்டு கிடந்துச்சு, எத்தன வருஷம் ஆச்சோ. அண்ணன் அத எடுத்துக் காட்டி மாத்தணும்னாரு. "எரியுதேப்பா, எரியிறத ஏன்யா மாத்தணும்?"னு பாட்டி கேக்குறாங்க, அவங்க பென்சன்ல குடும்பம் நடத்துறவங்க, கேக்கத் தானே செய்வாங்க. இவரு கோவப்படல. அந்த ஹோஸ ரெண்டு விரலால மடக்கினாரு, ஆரஞ்சு ரப்பர் மேல வெயில்ல காஞ்ச வயல் மாதிரி பொடிப் பொடியா வெடிப்பு தெரிஞ்சுச்சு, இன்னும் கொஞ்சம் கீழ எலி கடிச்ச பல்லு அடையாளம் ரெண்டு. "இப்ப ஸ்டவ்ல எரியுது பாட்டி, இது ஓட்டை ஆனா ஹோஸ்ல எரியும்"னாரு. பாட்டி மறுபேச்சு பேசல. சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரை போட்ட ஹோஸ் தான் மாட்டுனாரு, மாட்டின தேதிய மார்க்கர் பேனாவால ஹோஸ் மேலயே எழுதிட்டாரு. கடைக்காரங்க சொல்ற கணக்கு ஹோஸ் 2 வருஷம், ரெகுலேட்டர் 5 வருஷம், வெடிப்போ கடியோ தெரிஞ்சா அதுக்கு முன்னாடியே மாத்திடணும்.

கேபினட் விஷயமும் இவரு தான் எங்களுக்கு எடுத்துச் சொன்னாரு. முன்ன தோட்டத்து லயத்து வீட்ல அடுப்படி பின்கட்டுல, கதவத் திறந்தா வெட்டவெளி. இப்ப எல்லாரும் தாமான் குடியிருப்புல வீடு வாங்கி பின்னாடி நீட்டிக் கட்டி, நாலு பக்கமும் அடைச்சு, கிச்சன் கேபினட் போட்டு தோங்கையும் அதுக்குள்ள வச்சிப் பூட்டிட்டோம். தோங்குல இருக்கிற எல்பிஜி கேஸ் காத்த விடக் கனம், கசிஞ்சா மேல போகாது, தரையோட படுத்துக்கும், கேபினட் அடியில தேங்கும், சாக்கடைக் குழியில இறங்கும். மேல ஜன்னல் இருக்குன்னு நினைச்சா பிரயோஜனம் இல்ல. தோங்குல இருக்கிற திரவம் 1 லிட்டர் வெளிய வந்தா 250 லிட்டர் கிட்ட கேஸா விரியும், காத்துல 2 சதவீதம் அளவுக்குக் கலந்தாலே பத்திக்கும். எங்க கேபினட் கதவு அடியில காத்துப் போக ஓட்டை போடச் சொன்னாரு, போட்டோம். தோங்க வெளிய வைக்கணும்னா லைசன்ஸ் உள்ள கேஸ் ஆளக் கூப்பிட்டு இரும்பு இல்ல செம்புக் குழாய் போடணும், ரப்பர் ஹோஸ சுவத்துல ஓட்டை போட்டு இழுத்து விடாதீங்கன்னும் சொன்னாரு. ஹோஸ் எவ்ளோ குட்டையோ அவ்ளோ நல்லது.

2025 ஏப்ரல் 1, நோன்புப் பெருநாள் ரெண்டாவது நாளு, சிலாங்கூர் புத்ரா ஹைட்ஸ்ல கேஸ் குழாய் வெடிச்சு எரிஞ்சத டிவியில பாத்ததுலேர்ந்து எங்க அம்மாவுக்கு ஸ்டவ் பத்த வைக்கவே கை நடுங்குச்சு. இந்த அண்ணன் தான் உக்காந்து விளக்கிச் சொன்னாரு, அது நிலத்துக்கடியில போற பெரிய குழாய், அழுத்தமும் வேற, கேஸும் வேற, நம்ம வீட்ல இருக்கிறது தோங்கு, அத நம்ம கையாலயே மூட முடியும். அம்மா மனசு ஆறுனது அந்த வார்த்தையில தான். நாத்தம் வந்தா என்ன செய்யணும்னும் அம்மாவ சொல்ல வச்சே கேட்டாரு. மொதல்ல எரியிற தீ எல்லாத்தையும் அணை, ரெகுலேட்டர மூடு, கதவு ஜன்னல எல்லாம் திற, எந்த சுவிட்சையும் தொடாத, போடவும் கூடாது அணைக்கவும் கூடாது, காத்தாடியும் வேணாம், ஆளுங்க வெளிய போயிடணும், போன வெளிய போயி தான் எடுக்கணும், நாத்தம் நிக்கலன்னா அவசர நம்பர் 999 அடி.

சாமான்னு பாத்தா கடையில நான் வாங்கினது அழுத்தத்த முள்ளால காட்டுற மீட்டர் வச்ச ரெகுலேட்டர், சாதாரணத்த விட விலை கூட. ஹோஸ் பிச்சிக்கிட்டாலோ கேஸ் திடீர்னு அதிகமா ஓடினாலோ தானே அடைச்சிக்கும், அதுக்காகத் தான் வாங்கினேன், நல்லா இருக்கு. ஆனா அந்த முள்ள நம்பி கேஸ் எவ்ளோ பாக்கின்னு கணக்குப் போடாதீங்க. உள்ள திரவம் இருக்கிற வரைக்கும் அழுத்தம் பெருசா மாறாது, முள்ளு பச்சையிலயே நிக்கும், கடைசியில தான் படார்னு இறங்கும். இத வாங்கும்போதே தவுக்கே சொல்லிட்டாரு, விக்கிறவரே குறைய சொல்றது எனக்குப் பெரிய விஷயமா பட்டுச்சு. பாக்கி தெரியணும்னா எடை போடுங்க, வெறும் தோங் எடை தோங்கு மேலயே அடிச்சிருக்கும், அதக் கழிச்சா கேஸு. முள்ளு எதுக்கு உதவும்னா, ராத்திரி ஸ்டவ்வ மூடிட்டு ரெகுலேட்டரையும் மூடிட்டுப் படுங்க, காலையில முள்ளு இறங்கியிருந்தா எங்கயோ கசியுது.

தீபாவளிக்கு முறுக்கு சுடுற சமயத்துல கடையில கூட்டம் நெரியும். அப்ப ஒருத்தர் வந்து வீட்டு ஸ்டவ்வுக்கு ஹை பிரஷர் ரெகுலேட்டர் கேட்டாரு, தீ பத்தலயாம். தவுக்கே குடுக்கவே மாட்டேன்னுட்டாரு. கல்யாண வீட்டுப் பெரிய அடுப்புக்கு உள்ளத வீட்டு ஸ்டவ்ல மாட்டினா தாங்காது. தீ பத்தலன்னா பர்னரக் கழட்டி ஓட்டைய எல்லாம் ஊசியால குத்தி எண்ணெய்ப் பிசுக்க எடுங்கன்னு சொல்லி அனுப்பினாரு, யாவாரத்த விட்டுட்டு. தீ நீலமா இருக்கணும். மஞ்சளா அலையுது, குண்டான் அடி கரி பிடிக்குதுன்னா கேஸ் சரியா எரியலன்னு அர்த்தம், அதோட ஏர்கண்ட் போட்டு ஜன்னல அடைச்சிட்டு நெடுநேரம் எரிய விட்டா கார்பன் மோனாக்சைடு சேரும். அதுக்கு நாத்தமும் இல்ல நிறமும் இல்ல, தலைவலி, மயக்கம், குமட்டல்னு தான் தெரிய வரும். உடனே அணைச்சிட்டு வெளிக் காத்துக்கு வந்துடணும்.

குறையும் இருக்கு. போன் பாதி நேரம் எங்கேஜ்டு. ஞாயித்துக்கிழம மத்தியானத்துக்கு மேல கடை இல்ல, அன்னைக்குப் பாத்து தான் கேஸ் தீரும், அதனால ஒரு தோங் கூட வச்சிக்கலாம்னு தோணும், வச்சா அதையும் நிமித்தி, வெயில் படாத காத்தோட்டமான இடத்துல வைங்க. லிந்தாங் ரோட் உள்பக்கம், எல்பில் தோட்டம் பக்கம் தினமும் லோரி போகாது, நாள் குறிச்சு தான் போவாங்க, தோட்டத்துல இருக்கிறவங்களுக்கு அது கஷ்டம் தான், நான் தவுக்கேகிட்டயே சொல்லியிருக்கேன். ஸ்டவ் வெரைட்டியும் கம்மி, தீ அணைஞ்சா கேஸ தானா நிறுத்துற மாடல் ஒண்ணு ரெண்டு தான் இருக்கு, வயசானவங்க தனியா இருக்கிற வீட்டுக்கு அந்த மாதிரி தான் வாங்கணும், அது வேணும்னா ஈப்போ போக வேண்டியிருக்கும்.

போன் அடிக்கும்போது உங்க தோங் எந்த பிராண்டு, எத்தன கிலோன்னு சொல்லிடுங்க, ரெகுலேட்டர ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க, வாய் பொருந்தாத தோங்க ஏத்திட்டு வந்து திரும்பிப் போற அலைச்சல் அண்ணனுக்கு மிச்சம். காலையில பத்து மணிக்குள்ள சொன்னா அன்னைக்கே வந்துடுவாரு.